கோஜிரா: கணக்கில் பிழை, கேள்வியில் பிழையில்லை

அமைதியான கடல். ஒரு கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிதார் மீட்டுகிறார். இன்னொருவர் மௌத் ஆர்கன் வாசிக்கிறார். திடீரென்று கடலிலிருந்து கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி எழுகிறது. எல்லோரும் எழுந்தோடிப் பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் கப்பல் தீப்பற்றி எரிகிறது. வானொலி அறையிலிருந்து அபயக்குரல் போகிறது. பிறகு கப்பலைக் காணோம்.

1954 நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த ‘கோஜிரா’ என்னும் திரைப்படம் இப்படித் தொடங்குகிறது. உலகம் முழுவதும் ‘காட்ஸில்லா’ என்று பெயர் பெற்றுவிட்ட அந்தப் பூதாகாரமான விலங்கு முதன்முதலில் தோன்றியது இந்தப் படத்தில்தான். கொரில்லாவைக் குறிக்கும் ‘கோரிரா’, திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ ஆகிய இரு ஜப்பானியச் சொற்களை ஒட்டிப் பிறந்த பெயர் அது.

இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கட்டடங்களை மிதித்து நொறுக்கும் பெரிய பல்லி, வாயிலிருந்து வரும் நெருப்பு, அலறி ஓடும் கூட்டம், அவ்வளவுதானே? பொழுதுபோக்குப் படம்தான், அதில் அறிவியல் பத்திரிகைக்கு என்ன வேலை என்றும் நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தப் படத்தின் அறிவியல் பல இடங்களில் தவறு. அந்தத் தவறுகளை நாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கப் போகிறோம். ஆனால் விஞ்ஞானியைப் பற்றி இது எழுப்பும் கேள்வி தவறானதல்ல. அதற்கு இந்தப் படம் தரும் விடை சரிதானா என்பதையும் பார்ப்போம்.

உண்மையில் நடந்தது

முதல் காட்சிக்கு வருவோம். கடலில் ஒளி, கப்பல், அழிவு: ஜப்பானிய மக்களுக்கு இது கற்பனையாகத் தோன்றவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் அவர்கள் செய்தித்தாளில் படித்த சம்பவம் இது.

1954 மார்ச் 1ஆம் நாள். பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி என்னும் பவளத் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. குண்டின் சக்தி ஏறக்குறைய 60 லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாக இருக்கும் என்பது அதை வடிவமைத்தவர்களின் கணக்கு. வெடித்ததோ 150 லட்சம் டன் அளவில்! ஹிரோஷிமா மீது போடப்பட்ட குண்டைப்போல் ஆயிரம் மடங்கு.

கணக்கு எங்கே தவறியது? குண்டில் எரிபொருளாக லித்தியம் என்ற தனிமம் இருந்தது. அதில் அணுநிறை 6 உடைய அணுக்களும் அணுநிறை 7 உடைய அணுக்களும் கலந்திருந்தன. முதல் வகையே டிரிட்டியம் என்னும் கன ஹைட்ரஜனைத் தந்து அணுச் சேர்க்கைக்கு உதவும், இரண்டாம் வகை வாளாவிருக்கும் என்று நினைத்தார்கள். அது வாளாவிருக்கவில்லை. வேகமிக்க நியூட்ரான்கள் தாக்கியதும் அதுவும் உடைந்து டிரிட்டியத்தைத் தந்தது. விளைவு, எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு வெடிப்பு.

அப்போது அபாய எல்லைக்கு வெளியே ‘ஐந்தாம் ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடி கப்பல் நின்றிருந்தது. ‘நற்பேற்று நாகம்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அதில் 23 பேர் இருந்தனர். விடியும் முன் மேற்குத் திசையில் வெளிச்சம் எழுந்ததைக் கண்டார்கள். சில மணி நேரத்தில் வானத்திலிருந்து வெண்மையான தூள் பனிபோலக் கொட்டியது. வெடிப்பில் பொடியாகி மேலே கிளம்பிய பவளப்பாறையின் கதிரியக்கச் சாம்பல் அது. மார்ச் 14ஆம் நாள் யைசு துறைமுகம் திரும்பியபோது 23 பேரும் கதிரியக்க நோய்க்கு ஆளாகியிருந்தனர். கப்பலின் வானொலிப் பொறுப்பாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். கடலிலிருந்து வந்த சூரை மீன்களில் கதிரியக்கம் இருப்பது தெரிந்து டன் கணக்கில் அவற்றைப் புதைத்தார்கள்.

குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை; ‘கோஜிரா’ திரைக்கு வந்துவிட்டது. படத்தின் முதல் காட்சியில் அபயக்குரல் எழுப்பும் வானொலிப் பொறுப்பாளரைப் பார்த்தபோது அரங்கில் இருந்தவர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கதைச் சுருக்கம்

டோஹோ நிறுவனம் தயாரித்த இப்படத்தின் தயாரிப்பாளர் டோமோயுகி டனாகா. இயக்குநர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. இசை அகிரா இஃபுகுபே.

கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்குகின்றன. ஓடோ என்னும் சிறு தீவில் வீடுகள் நொறுங்குகின்றன. தொல்லுயிர் ஆராய்ச்சியாளரான யமானே ஒரு குழுவுடன் அங்கே போகிறார். கிணற்று நீரில் கதிரியக்கம். பெரிய காலடித் தடங்கள். அந்தத் தடத்தினுள் ஒரு பழங்கால உயிரினம். ஆழ்கடலில் உயிர்பிழைத்திருந்த ஒரு தொன்மையான விலங்கை ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் அதன் இருப்பிடத்திலிருந்து விரட்டிவிட்டன என்ற முடிவுக்கு வருகிறார்.

கோஜிரா டோக்கியோவுக்குள் நுழைகிறது. உயர் மின்னழுத்த வேலியும் பீரங்கிகளும் அதைத் தடுக்கவில்லை. நகரம் எரிந்து சாம்பலாகிறது. செரிசாவா என்ற இளம் விஞ்ஞானியிடம் மட்டும் அதைக் கொல்லும் வழி இருக்கிறது. நீரிலுள்ள பிராணவாயுவை அழித்து உயிர்களைக் கரைத்துவிடும் ஒரு பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, அதன் பயங்கரத்தை எண்ணி மறைத்து வைத்திருக்கிறார் அவர். அதை வெளியிடுவதா, வேண்டாமா? படத்தின் உயிர்நிலை இதுதான்.

தவறுகளை எண்ணுவோம்

யமானே நாடாளுமன்றக் குழுவின் முன் பாடம் நடத்தும் காட்சியில் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கோஜிரா ஜுராசிக் காலத்து விலங்கு, அது 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் என்கிறார். ஜுராசிக் காலம் தொடங்கியது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்; முடிந்தது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன். பேராசிரியரின் கணக்கு எழுபது மடங்கிற்கும் மேல் தவறு! 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் கற்கருவி செய்யும் ஆதி மனித இனங்களே தோன்றிவிட்டன.

காலடியில் கிடைத்த திரிலோபைட்டைப் பற்றியும் கேட்கவேண்டும். மூன்று மடல்களாகப் பிரிந்த ஓடுடைய அந்தக் கடல் உயிரினம் ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அற்றுப்போனது. ஜுராசிக் காலம் தொடங்கியதே அதற்குச் சுமார் 5 கோடி ஆண்டுகள் கழித்துத்தான். திரிலோபைட்டை வைத்து ஒரு விலங்கை ஜுராசிக் காலத்தது என்று சொல்ல முடியாது.

அடுத்தது உருவம். கோஜிராவின் உயரம் 50 மீட்டர். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஓர் ஆளை எல்லாப் பக்கமும் 25 மடங்கு பெரிதாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 50 மீட்டராகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்பு 25 × 25, அதாவது 625 மடங்காகும். ஆனால் எடை 25 × 25 × 25, அதாவது 15,625 மடங்காகும். 80 கிலோ மனிதர் 1,250 டன் எடையாகிவிடுவார். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைப்போல் 25 மடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். தாங்காது. முதல் அடி வைக்கும்போதே கால் முறிந்துவிடும்.

இந்த உண்மையைக் கலிலியோ 1638இல் எழுதிய நூலிலேயே விளக்கியிருக்கிறார். உயிரியலார் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் இதைப்பற்றி அழகான கட்டுரை ஒன்று எழுதினார். பின்னாளில் இந்தியாவிலேயே குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். தரையில் வாழ்ந்த மிகப்பெரிய டைனோசார்களே 70 டன் அளவுதான் இருந்திருக்கும். நீலத் திமிங்கிலம் 150 டன்னுக்கு வளர முடிகிறதென்றால் நீர் அதைத் தாங்குவதால்தான். கரையில் ஒதுங்கினால் தன் எடையாலேயே நசுங்கும். ஆகவே கோஜிரா கடலில் வாழ்ந்தது என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். டோக்கியோ தெருவில் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

பிராணவாயுவை அழிக்கும் பொருளோ முழுக் கற்பனை. நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்தால் மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். உரக்கழிவு வந்து சேரும் சில கடற்பகுதிகளில் இது உண்மையாகவே நடக்கிறது. ஆனால் படத்தில் வருவதுபோல் சதை கரைந்து எலும்புக்கூடு மட்டும் மிஞ்சுவதற்கு வேதியியலில் இடமில்லை.

ஓர் இடத்தில் மட்டும் யமானேக்கு முழு மதிப்பெண் தரலாம். கோஜிராவின் தடத்தில் கிடைத்த மணலில் ஸ்ட்ரான்ஷியம்-90 இருந்ததாக அவர் கூறுகிறார். அணுப்பிளவில் தோன்றும் இப்பொருள் வேதியியல் குணத்தில் கால்சியத்தை ஒத்தது. புல்லில் விழுந்தால் பசுவின் பாலுக்கு வரும். பாலிலிருந்து குழந்தையின் எலும்பில் போய்த் தங்கும். ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழிந்தாலும் பாதிதான் குறைந்திருக்கும். 1954இல் பொதுமக்களுக்கான ஒரு படத்தில் இந்தப் பெயர் வருவதே பெரிய செய்தி.

சிறியதைப் பெரியதாக்கிய வித்தை

உருவத்தைப் பற்றிய இயற்பியல் கதையில் தவறிவிட்டாலும், படமெடுத்த இயற்பியல் மெச்சத்தக்கது. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடித்தனர். சுபுராயாவும் அப்படிச் செய்யவே விரும்பினார். அதற்குக் காலமும் பணமும் இல்லை. ஆகவே ஹருவோ நகாஜிமா என்ற நடிகருக்குக் கனமான ரப்பர் உடையை மாட்டி, 25இல் ஒரு பங்கு அளவில் செய்த நகரத்தின்மேல் நடக்கவிட்டார். முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ எடை. விளக்குகளின் சூட்டில் அதனுள் நெடுநேரம் நிற்கவே முடியாது.

2 மீட்டர் பொம்மைக் கட்டடம் உடைந்து விழுவதைப் படம் பிடித்தால் அது 50 மீட்டர் கட்டடம்போல் தோன்றுமா? தோன்றாது. 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் தரைக்கு வர ஏறக்குறைய 3.2 விநாடி ஆகும். 2 மீட்டரிலிருந்து விழ 0.64 விநாடி போதும். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 25இன் வர்க்கமூலம் 5 அல்லவா? எனவே விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்திற்கு, 120 சட்டங்கள் வீதம் வேகமாகப் படம் பிடித்துச் சாதாரண வேகத்தில் ஓட்டினால், பொம்மைக் கட்டடம் பெரிய கட்டடத்தின் நிதானத்தோடு சரியும். சுபுராயா ஒவ்வொரு காட்சிக்கும் இதே எண்ணைக் கடைப்பிடித்தார் என்று சொல்லவில்லை. ஆனால் காமிராவை வேகமாக ஓட்டியதன் தத்துவம் இதுதான். கோஜிராவின் நடையிலுள்ள அந்தக் கனம் இப்படி வந்ததே.

குறையும் இங்கேயே இருக்கிறது. கட்டடத்தைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. அதன் பருமனைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. அதனால் கடற்காட்சிகளில் தெறிக்கும் துளிகள் கோஜிராவின் தலைக்கு முன் பெரிதாகத் தெரிந்து, இது தொட்டித் தண்ணீர் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

கோஜிராவின் முழக்கம் எந்த விலங்கின் குரலும் அல்ல. டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் நரம்புகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அழுத்தித் தேய்த்து, அந்த ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்தார்கள். நாடாவின் வேகம் குறைந்தால் அதிர்வெண் குறையும், குரல் தாழும், தாழ்ந்த குரல் பெரிய உடலை நினைவூட்டும். இதைச் செய்த இஃபுகுபே இசைக்கு வருமுன் மரங்களை ஆராயும் பணியில் இருந்தவர். போர்க்காலத்தில் தக்க பாதுகாப்பின்றி எக்ஸ் கதிர்களோடு பணிபுரிந்து உடல்நலம் கெட்டவர். கதிர்வீச்சு அவருக்கு ஏட்டுச்செய்தி அல்ல.

படம் எங்கே உண்மையாகிறது

கோஜிரா வராத காட்சிகள்தாம் படத்தின் சிறந்த காட்சிகள் என்பேன். இரயிலில் போகும் ஒரு பெண் சலிப்போடு பேசுகிறாள்: கதிரியக்க மீன், கதிரியக்க மழை, இப்போது இதுவும் சேர்ந்துகொண்டதா என்று. நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிர் இது என்றும் சொல்கிறாள். பிறகு மருத்துவமனைக் காட்சி. ஒரு குழந்தையின் அருகே கைகர் எண்ணியைக் கொண்டுபோகிறார்கள். கருவி படபடவென்று ஒலிக்கிறது. மருத்துவர் தலையை அசைக்கிறார். வசனம் தேவைப்படவில்லை.

எரியும் டோக்கியோவைப் படமாக்கியவர்கள் அதைக் கற்பனையில் தேடவேண்டியிருக்கவில்லை. 1945 மார்ச் 9ஆம் நாள் இரவு நடந்த விமானத் தாக்குதலில் அந்நகரில் ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தனர். ஹோண்டா போர்முனையிலிருந்து 1946இல் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். 1952 ஏப்ரல் வரை ஜப்பான் அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் தணிக்கை நடந்த ஆண்டுகளில் அணுகுண்டின் கொடுமைகளைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது அரிது. அந்த மௌனத்திற்குப் பிறகு மக்கள் பேச விரும்பியதை ஒரு விலங்கின் வடிவில் பேசிற்று இந்தப் படம். ஏறக்குறைய 96 லட்சம் பேர் அதைச் சென்று பார்த்தனர்.

இன்னொரு காட்சியை மாணவர்கள் மறக்கக்கூடாது. யமானேயின் அறிக்கையைக் கேட்ட ஓர் உறுப்பினர், இதை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும், பொருளாதாரம் குலையும், ஆகவே மறைத்துவிடலாம் என்கிறார். உண்மையை மறைக்கக்கூடாது என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து கொதிக்கிறார்கள். கூச்சலில் கூட்டம் கலைகிறது. ஓர் அறிவியல் உண்மை யாருக்குச் சொந்தம்? கண்டுபிடித்தவருக்கா, அரசாங்கத்துக்கா, அதனால் பாதிக்கப்படும் மக்களுக்கா? இந்தக் கேள்வியே பிறகு செரிசாவாவின் சோதனைச்சாலைக்குள்ளும் நுழைகிறது.

இரண்டு விஞ்ஞானிகள்

மூத்தவர் யமானே கோஜிராவைக் கொல்லவேண்டாம் என்கிறார். ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சையே தாங்கிய உயிர் அது. எப்படித் தாங்கியது என்று ஆராயவேண்டாமா? நியாயமான ஆர்வம்தான். ஆனால் வெளியே நகரம் எரிகிறது. அந்த ஆர்வத்தையும் எரியும் நகரத்தையும் தராசில் வைத்து, எது கனமென்று சொல்லாமலே விட்டுவிடுகிறது படம். டகாஷி ஷிமுராவின் நடிப்பில் அந்தச் சங்கடம் முகத்திலேயே தெரிகிறது.

இளையவர் செரிசாவாவின் பாத்திரத்தை அகிஹிகோ ஹிராட்டா ஏற்றிருக்கிறார். போரில் ஒரு கண்ணை இழந்தவர். தன் கண்டுபிடிப்பை ஒருமுறை பயன்படுத்தினாலும் அரசியல்வாதிகள் விடமாட்டார்கள், அணுகுண்டுக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் அடுத்த ஆயுதமாக்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். கடைசியில் தொலைக்காட்சியில் பள்ளிச் சிறுமிகள் அமைதி வேண்டிப் பாடும் பாட்டைக் கேட்டு மனம் மாறுகிறார். குறிப்பேடுகளை எல்லாம் தீயிலிடுகிறார். கடலடிக்குப் போய்ப் பொருளைப் பயன்படுத்தி, தன்னை மேலே இழுக்கும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார். மூளையில் உள்ள சூத்திரமும் அழியவேண்டும் அல்லவா?

பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும் முடிவு இது. ஆனால் வாசகர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம். இது விடையாகுமா?

ஆகாது என்பதே என் கருத்து. இயற்கையின் இரகசியத்தை ஒருவர் எரித்துவிட முடியாது. செரிசாவா கண்டதை இன்னொரு சோதனைச்சாலையில் இன்னொருவர் காண்பார். இதற்கு வரலாறே சான்று. அமெரிக்கா 1945இல் செய்த அணுகுண்டை, எவ்வளவோ இரகசியம் காத்தும், 1949இல் சோவியத் நாடும் 1952இல் பிரிட்டனும் செய்துவிட்டன. மேலும் செரிசாவா எல்லாவற்றையும் தனியாளாக முடிவு செய்கிறார். தனியாக மறைக்கிறார், தனியாகப் பயன்படுத்துகிறார், தனியாக மடிகிறார். பொறுப்புள்ள விஞ்ஞானி இறக்கத்தான் வேண்டும் என்றால் பிழைத்திருப்பவர்கள் யார்?

வேறு வழி உண்டு. படம் வெளிவந்த அதே காலத்தில் அதைச் சிலர் நடந்து காட்டினார்கள். போலந்தில் பிறந்த இயற்பியலார் ஜோசப் ராட்பிளாட், ஜெர்மனி அணுகுண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944இன் இறுதியில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தை விட்டு வெளியேறியவர். மீன்பிடி கப்பலின் சாம்பலை ஆராய்ந்த ஜப்பானிய இயற்பியலார் ஒருவரின் அளவீடுகளைக் கொண்டு, பிகினியில் வெடித்தது எத்தகைய குண்டு, அதன் கதிரியக்கம் ஏன் அவ்வளவு மிகுதி என்று கணித்தார். கணித்ததை எரிக்கவில்லை, 1955இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் விடுத்த அறிக்கையில் அவரும் ஜப்பானின் யுகாவாவும் கையெழுத்திட்டனர். அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பல நாட்டு விஞ்ஞானிகளை ஒன்று கூட்டிய பணிக்காக 1995இல் ராட்பிளாட்டுக்கும் பக்வாஷ் அமைப்புக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

டோக்கியோவிலேயே இன்னொருவர் இருந்தார். கட்சுகோ சருஹாஷி என்ற வேதியியலார். மழையிலும் கடல்நீரிலும் கலந்த கதிரியக்கப் பொருள்களை அளக்கும் பணி 1954க்குப் பின் அவர் பணியாற்றிய ஆய்வகத்திடம் வந்தது. பசிபிக் கடலில் சீசியம்-137 எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதை அளவிட்டுச் சொன்னார் அவர். அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஐயம் கொண்டனர். 1962இல் கலிஃபோர்னியாவுக்கே சென்று, ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் தியோடர் ஃபோல்சம் என்ற ஆய்வாளரோடு ஒப்பீட்டுச் சோதனையில் ஈடுபட்டார். அவருடைய முறை நம்பத்தக்கது என்பது அங்கே நிரூபணமாயிற்று. அடுத்த ஆண்டே, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. அதற்கு உலகெங்கும் எழுந்த எதிர்ப்பு பெரிய காரணம். அந்த எதிர்ப்புக்கு எண்களைக் கொடுத்தவர்களில் சருஹாஷியும் ஒருவர்.

எரித்த குறிப்பேடு ஒரு விலங்கைக் கொன்றது. வெளியிட்ட குறிப்பேடுகள் சோதனைகளைக் கட்டுப்படுத்த உதவின. எது வலியது என்று நீங்களே சொல்லுங்கள்.

படம் பார்க்கத் தவறியவை

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும். பிகினியின் சாம்பல் ஜப்பானியர்மேல் மட்டும் விழவில்லை. மார்ஷல் தீவுகளில் ரோங்கலாப் தீவு மக்கள்மேலும் விழுந்தது. இரண்டு நாள் கழித்தே அவர்களை வெளியேற்றினார்கள். 1957இல் திரும்பிச் சென்றவர்கள், கதிரியக்க அச்சத்தால் 1985இல் தங்கள் தீவை மீண்டும் விட்டுப் போனார்கள். படத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதுபோலவே, ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படை செய்தவை பற்றியும் படம் வாய் திறக்கவில்லை. தன் புண்ணை உணர்ந்து காட்டும் படம், பிறர் புண்ணைக் காணவில்லை.

அமெரிக்காவில் இந்தப் படத்திற்கு நேர்ந்த கதி வேறு. 1956இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாத்திரத்தைப் புகுத்தி, 96 நிமிடப் படத்தைக் குறைத்து வெளியிட்டனர். நாகசாகியை நினைவூட்டும் இரயில் உரையாடல் போயிற்று. அணுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா எங்காவது தோன்றக்கூடும் என்று யமானே இறுதியில் விடும் எச்சரிக்கையும் போயிற்று. உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற ஆறுதல் அந்த இடத்திற்கு வந்தது. மூலப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வந்தது 2004இல்தான். ஜப்பானிலும் பின்வந்த படங்களில் கோஜிரா மெல்ல மெல்லக் குழந்தைகளின் தோழனாயிற்று. 1964இல் வந்த படத்தில் மூன்று தலை அரக்கனிடமிருந்து பூமியையே காப்பாற்றுகிறது! அதனால்தான் முதல் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு திகைப்பு ஏற்படுகிறது. விளையாட்டுப் படம் என்று நினைத்து உட்காருவார்கள். இழவு வீட்டிலிருந்து எழுந்து வருவதுபோல் எழுந்து வருவார்கள்.

முடிவாக

வாய்ப்புக் கிடைத்தால் 1954ஆம் ஆண்டின் ஜப்பானிய மூலப் படத்தைப் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் யமானே தவறும்போது தாராளமாகச் சிரியுங்கள். 25 மடங்கு மனிதனின் கணக்கை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். யமானேயின் கணக்குத் தவறியபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிகினியில் உலகின் தேர்ந்த நிபுணர்களின் கணக்குத் தவறியபோது மீன்பிடிக்கப் போனவர் செத்தார். தீவே ஊரை இழந்தது.

ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்கள் அமைத்த நிஹோன் ஹிடான்க்யோ என்ற அமைப்புக்கு 2024ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அவர்கள் செய்ததெல்லாம் மறைக்காமல், சலிக்காமல், கண்டதை உலகுக்குச் சொன்னதுதான்.

உங்களில் சிலர் நாளை சோதனைச்சாலைகளில் நிற்கப் போகிறவர்கள். உங்கள் மேசையிலும் ஒருநாள் செரிசாவாவின் மீன்தொட்டி இருக்கலாம். அன்று தீப்பெட்டியைத் தேடாதீர்கள். கதவைத் திறந்து நாலு பேரைக் கூப்பிடுங்கள்.